ஆய்வுக்கருவி செய்வதையும் ஆய்வாக மதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செமிகண்டக்டர் தொழிற்சாலைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்தி வருகிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்ததிலிருந்து, ஆலை எங்கே வரும், முதலீடு எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று விடாமல் எழுதுகிறீர்கள், நல்ல காரியம். ஆனால் அந்த ஆலைக்குள் நிற்கப்போகும் எந்திரங்களை யார் செய்கிறார்கள், அப்படிச் செய்கிற கை நம் கல்லூரிகளில் எங்கே பழகுகிறது என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை. நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் காந்த மென்படலங்களை வளர்ப்பதிலும் அளப்பதிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு துறையை வைத்தே சொல்கிறேன். மற்றத் துறைகளுக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

காந்த மென்படலம் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கண்ணாடி அல்லது சிலிக்கான் துண்டின்மேல் இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகத்தைச் சில நானோமீட்டர் தடிமனுக்குப் படியவைப்பதுதான். 2 நானோமீட்டர் இரும்புப் படலம் என்றால் சுமார் 14 அணு அடுக்கு. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படிப் பல்லாயிரம் படலங்கள் அடங்கிவிடும். அவ்வளவு மெல்லியதானபிறகு இரும்பு நமக்குத் தெரிந்த இரும்பாக நடந்துகொள்வதில்லை. 1988இல் பிரான்சின் ஓர்சேயில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியின் யூலிஷில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும் தனித்தனியே இரும்பையும் குரோமியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். காந்தப்புலத்தில் வைத்தபோது அந்த அடுக்கின் மின்தடை சட்டென்று குறைவதைக் கண்டார்கள். ஃபெர்ட் குழுவின் படலத்தில் குரோமியம் 0.9 நானோமீட்டர்தான், திரவ ஹீலியக் குளிரில் அதன் மின்தடை ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. 1997இல் ஐ.பி.எம். இதையே ஹார்ட் டிஸ்கின் படிக்கும் முனையில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது எலக்ட்ரானின் ஸ்பின் என்ற காந்த இயல்பைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த அடுக்குகளை எந்த எந்திரத்தில் வளர்த்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். இரும்பு அடுக்குகள் இரண்டும் நடுவிலிருக்கும் குரோமியத்தின் வழியே ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் காந்தமாகி நிற்கின்றன என்று க்ரூன்பெர்க் 1986இலேயே கண்டுவிட்டார். அதைக் காட்டிக்கொடுத்தது ஒளிச்சிதறல் அளவீடு. அந்த அளவீட்டுக்கு வேண்டிய அசாத்தியத் துல்லியமுள்ள இன்டர்ஃபெரோமீட்டரை, அதாவது ஒளியின் நிறத்தில் வரும் மிகச் சிறு மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் கருவியை, சுவிட்சர்லாந்தில் ஜான் சாண்டர்காக் என்பவர் அதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தார். அணு அடுக்காகப் படலம் வளர்க்கும் எம்.பி.ஈ. முறையை 1960களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் ஆர்தரும் சோவும் வேறொரு தேவைக்காகக் கட்டி எழுப்பியிருந்தார்கள். இந்த இரண்டு கருவிகளும் இல்லாமல் அந்தப் பரிசு இல்லை.

படலம் வளர்ப்பதில் பாதி வேலை வெற்றிடம். வெற்றிட வேலையில் அழுத்தத்தை டார் என்ற அலகில் அளப்போம்; நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 டார். ஒரு கலத்திற்குள் அதை ஒரு டாரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைத்துவிட்டாலும் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகள் ஒரே வினாடியில் பரப்பின்மேல் ஓர் அடுக்காகப் படிந்துவிடப் போதும். இரும்பு வளர்ப்பவருக்கு அது ஆகாது, பாதி இரும்பு துருவாகத்தான் நிற்கும். அதற்கும் கீழே இன்னும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்கினால்தான் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். அங்கே போய்ச் சேர்வது பம்ப் வாங்கிப் பூட்டுவதோடு முடிகிற காரியம் இல்லை. ஸ்டீல் சேம்பரின் வெல்டிங் உள்பக்கமாக ஓட வேண்டும், வெளியே மட்டும் ஓட்டினால் உள்ளே இடுக்கில் காற்று ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். குழாய்களை இணைக்கும் வளைய விளிம்புகளான இரண்டு ஃப்ளாஞ்சுகளுக்கு நடுவே செம்பு கேஸ்கெட். ஃப்ளாஞ்சின் கத்திமுனை விளிம்பு அந்தச் செம்பைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். போல்ட்டுகளை வரிசையாக முறுக்கக் கூடாது, எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே வர வேண்டும். விளிம்பில் நகத்துக்குக்கூட அகப்படாத ஒரு கீறல் இருந்தால் போதும், எல்லாம் போயிற்று. அப்புறம் சேம்பர் முழுவதையும் ஹீட்டர் டேப்பால் சுற்றி, அலுமினியத் தாள் போர்த்தி, 150 டிகிரியில் ஒரு நாளாவது வாட்ட வேண்டும், அப்போதுதான் சுவரில் ஒட்டிய நீராவி வெளியேறும். அதற்குப் பிறகும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியிலிருந்து மெல்லிய குழாயால் ஹீலியத்தைப் பீய்ச்சி, எந்த மூட்டில் பீய்ச்சும்போது கசிவு காட்டும் கருவி கத்துகிறது என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்து வருகிற அறிவு இல்லை. ஒரு மாணவர் ஒரு தடவை கசிவைத் தானே தேடிப் பிடித்தால்தான் வெற்றிடம் என்றால் என்னவென்று அவருக்கு உடம்பில் உறைக்கிறது.

படலம் வளர்க்கும் ஒரு முறை ஸ்பட்டரிங்: மின்னேற்றம் பெற்ற வாயு அணுக்களால் டார்கெட் என்னும் உலோகத் தகட்டை அடித்து, அதிலிருந்து சிதறும் அணுக்களைப் படியவைப்பது. காந்தப் பொருளை இப்படிச் செய்வதில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. மேக்னட்ரான் ஸ்பட்டரிங்கில் டார்கெட்டின் அடியில் காந்தங்கள் இருக்கும், அவற்றின் புலம் டார்கெட்டைத் தாண்டி மேலே வளைந்து வந்து எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஆர்கான் வாயு குறைந்த அழுத்தத்திலும் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயுவாகப் பற்றிக்கொள்கிறது. செம்பு டார்கெட் என்றால் பிரச்சினை இல்லை. இரும்பு டார்கெட்டோ அந்தக் காந்தக்கோடுகளைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும், மேலே ஒன்றும் வராது. டார்கெட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும், அல்லது அடியில் இருக்கும் காந்தங்களை வலுவானதாக மாற்ற வேண்டும். வாங்கி வைத்த எந்திரத்தை பட்டன் தட்டி ஓட்டுபவருக்குப் பிளாஸ்மா ஏன் பற்றவில்லை என்பதே புரியாது; சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை காத்திருப்பார். காந்தங்களோடு கூடிய அந்த மேக்னட்ரான் அமைப்பைத் தானே கடைந்து செய்தவர் அன்று மாலையே காரணத்தைச் சொல்லிவிடுவார்.

வளர்த்த படலத்தை அளக்கும் பக்கம் வருவோம். அதிர்வு மாதிரி காந்தமானி, அதாவது வி.எஸ்.எம்., இன்று கோடி ரூபாய்க்குக்கூட விற்கிறது. 1950களில் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் சைமன் ஃபோனர் இதை உருவாக்கினார். 1959இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கருவியின் படம் இருக்கிறது, இயற்பியல் மாணவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும். மேலே அதிர்வு கொடுக்க ஒரு ஒலிபெருக்கி, அதில் ஒட்டிய கூம்பு வடிவக் காகிதக் கோப்பை, அதிலிருந்து கீழே இறங்கும் தண்டாக நாம் குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ரா, அதன் நுனியில் மாதிரி. அந்த மாதிரி மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே மேலும் கீழும் அதிரும்போது பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் ஒரு சின்ன மின்னழுத்தம் தூண்டப்படுகிறது, அதன் அளவு மாதிரியின் காந்தத் திருப்புத்திறனுக்கு, அதாவது அது எவ்வளவு வலுவான காந்தம் என்பதற்கு, நேர்விகிதம். எல்லா இரைச்சலுக்கும் நடுவே அந்த ஒரே அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்க ஒரு லாக்-இன் ஆம்ப்ளிஃபையர். விஷயம் அவ்வளவுதான். காகிதக் கோப்பையையும் ஸ்ட்ராவையும் படத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட அவர் கூச்சப்படவில்லை. இன்று உலகெங்கும் விற்கும் வி.எஸ்.எம். கருவிகளுக்கு அடிப்படை அந்தக் கருத்துதான்.

இதைவிட எளிது கெர் விளைவு. காந்தமான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்பிவிடுகிறது என்று ஜான் கெர் 1877இல் கண்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1985இல், அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் மூகும் பேடரும் தங்கத்தின்மேல் வளர்த்த சில அணு அடுக்கு இரும்பின் காந்தத் தயக்க வளையத்தை, அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தத்தன்மை பின்தங்கி மாறுவதைக் காட்டும் வரைகோட்டை, இந்த ஒளியை வைத்தே வரைந்து காட்டினார்கள். தேவையானது ஒரு சிறு லேசர், ஒளியை ஒரே அதிர்வுத் தளத்தில் மட்டும் விடும் இரண்டு போலரைசர், ஒளியை மின்சாரமாக்கும் ஒரு ஃபோட்டோ டையோடு, ஒரு மின்காந்தம். திரும்பும் கோணம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு என்பதால் மேசை கொஞ்சம் அதிர்ந்தாலும் வளையம் கலைந்துவிடும். எங்கள் துறையில் எம்.எஸ்சி. மாணவர்கள் செமஸ்டர் ப்ராஜெக்டாக இதைக் கட்டினார்கள். விலை உயர்ந்த ஆப்டிகல் மேசைக்குப் பதிலாகக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்களின்மேல் கனமான கிரானைட் பலகையைப் போட்டார்கள். முதலில் திரையில் வெறும் இரைச்சல். டியூபில் காற்றைக் குறைத்தார்கள், லேசர் சூடாகி நிலைக்கும்வரை பொறுத்தார்கள், ஏ.சி.யின் காற்று ஒளிப்பாதையில் படாமல் அட்டைப் பெட்டி வைத்து மறைத்தார்கள், அதன் பிறகு நிக்கல் படலத்தின் வளையம் தெளிவாக எழுந்தது. அந்தப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதியதை மறந்திருக்கலாம், அன்று கற்றதை மறக்க வாய்ப்பே இல்லை.

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அளப்பதால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2000களில் துத்தநாக ஆக்சைடு போன்ற, இயல்பில் காந்தமே ஆகாத ஆக்சைடு படலங்கள் அறை வெப்பநிலையில் காந்தமாகின்றன என்று உலகம் முழுவதும் கட்டுரைகள் குவிந்தன, இந்தியாவிலிருந்தும் குவிந்தன. பின்னால் கூர்ந்து பார்த்தபோது அவற்றில் பலவற்றின் காந்தத்துக்குக் காரணம் மாசு என்று தெரிந்தது. ஸ்டீல் இடுக்கியால் மாதிரியின் ஓரத்தைப் பிடித்தாலே போதும், ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் நல்ல காந்தமானியில் அழகான வளையம் காட்டும். பிளாஸ்டிக் இடுக்கி பயன்படுத்து, வெறும் அடித்தட்டைத் தனியாக அளந்து கழி, மாதிரியை ஒட்டும் டேப்பையும் அளந்து பார் என்பதெல்லாம் கருவியோடு புழங்கியவர்களுக்கு முதல் பாடம். மாதிரியை உறையில் போட்டு வேறு ஊருக்கு அனுப்பி, மின்னஞ்சலில் வரும் கோப்பை வரைபடமாக்கிக் கட்டுரையில் ஒட்டுகிற மாணவருக்கு இதை யார் சொல்லித்தருவது? அவர்மீது எனக்குக் கோபமில்லை, அப்படித்தான் அவரை வளர்த்திருக்கிறோம்.

நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது, மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை வைத்து அதன் காந்தப் பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அளந்தார். அந்த முறையை உருவாக்கியவரே அவர்தான். அளவீடுகள் உலகமே எடுத்தாளும் தரத்தில் இருந்தன. இன்றைக்கும் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நயோபியம் மென்படலங்களிலிருந்து ஸ்குவிட் எனும் மீக்கடத்தி உணரிகளைத் தாங்களே செய்து, இதயமும் மூளையும் உண்டாக்கும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் அமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்து எம்.ஐ.டி.க்குப் போன ஜகதீஷ் மூடேரா, 1995இல் தன் குழுவோடு, இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினிய ஆக்சைடை வைத்து அறை வெப்பநிலையிலேயே மின்தடை மாற்றத்தைக் காட்டினார். இன்றைய எம்-ரேம் நினைவகச் சில்லுகள் அந்த வழியில் வந்தவைதான்.

அப்படியானால் நம் பல்கலைக்கழகங்களில் தடை என்ன? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு துறையில் வெளிநாட்டு ஸ்பட்டரிங் எந்திரம் ஒன்றைப் பெரிய நிதியில் வாங்கினார்கள். திறப்பு விழா, படம், எல்லாம் நடந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபின் அதன் கண்ட்ரோலர் கார்டு பழுதானது, அந்த மாடலுக்கு இனி உதிரி பாகம் இல்லை என்று பதில் வந்தது. சேம்பரும் பம்ப்புகளும் நன்றாகவே இருந்தன; தொழிற்சாலைகளில் எந்திரங்களை ஓட்டப் பயன்படும் ஒரு சாதாரண பி.எல்.சி. கட்டுப்படுத்தி வைத்து ஓட்டியிருக்கலாம். ஆனால் சொத்துப் பதிவேட்டில் இருக்கும் எந்திரத்தைத் திறந்து கைவைக்க யாருக்கும் துணிவில்லை, ஆடிட்டில் கேள்வி வரும் என்ற பயம். இப்போது அது உறை போர்த்தி நிற்கிறது. நிதி கொடுப்பவர்கள் வாங்குவதற்குக் கொடுக்கிறார்கள், பழுது பார்ப்பதற்குத் தயங்குகிறார்கள், செய்வதற்குக் கேட்டால் 'ரிஸ்க்' என்கிறார்கள்.

இரண்டாவது, மதிப்பெண். ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரை கணக்கு, காப்புரிமை கணக்கு, வழிநடத்திய பிஎச்.டி. கணக்கு. மூன்று வருடம் பாடுபட்டு ஒரு சேம்பரை வடிவமைத்து, மற்ற துறைகளும் பயன்படுத்துகிற மாதிரி ஓடவிட்டவருக்கு அந்தப் படிவத்தில் நிரப்ப ஒரு கட்டம் இல்லை. மாணவர் நிலைமை இன்னும் மோசம், "கருவி செய்ததெல்லாம் சரி தம்பி, ஆராய்ச்சி என்ன பண்ணினே?" என்று வாய்மொழித் தேர்விலேயே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மாற வேண்டும்.

மூன்றாவது, பட்டறை. முன்பெல்லாம் இயற்பியல் துறை என்றால் ஒரு லேத், ஒரு கண்ணாடி ஊதுபவர், ஒரு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இருப்பார்கள். யு.ஜி.சி. உதவியோடு பல்கலைக்கழகங்களில் கருவியியல் மையங்களே தொடங்கப்பட்டன. அந்த மனிதர்கள் ஓய்வு பெற்றபோது இடங்களை நிரப்பவில்லை. அவர்கள் கையிலிருந்த வித்தை அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம், ஏனென்றால் எந்திரத்தை நாளைக்குக்கூட வாங்கிவிடலாம், ஒரு நல்ல வெற்றிட மெக்கானிக்கை உருவாக்கப் பத்து வருடம் பிடிக்கும்.

வெளியிலோ வேண்டியது எல்லாம் இருக்கிறது. கோவையில் கடைசல் வேலைக்கும் பம்ப் வேலைக்கும் குறைவில்லை, திருச்சி பி.எச்.இ.எல். வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது, பெங்களூரில் இந்திய நிறுவனங்கள் வெற்றிடக் கருவிகளைச் செய்து விற்கின்றன, காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் மின்முலாம் பூசும் கலையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மின்முலாமை மட்டமாக நினைக்க வேண்டாம், 1979இல் ஐ.பி.எம். ஹார்ட் டிஸ்குக்குக் கொண்டுவந்த மென்படல முனைகளில் இருந்த நிக்கல்-இரும்புப் படலம் முலாம் பூசித்தான் செய்யப்பட்டது. வெற்றிடமே இல்லாமல் காந்தப் படலம் வளர்க்க ஏழைக் கல்லூரிக்கும் அது ஒரு வழி. இவர்களையும் கல்லூரி ஆய்வகத்தையும் இணைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

விதிமுறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த சலுகை ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் எடுக்கப்பட்டது, 18 சதவீதமாக ஏறியது. கருவி செய்பவர் உதிரி பாகத்துக்கெல்லாம் அதைக் கட்ட வேண்டும். மறுபக்கம், 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது, விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்ந்தது. நல்ல முடிவு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தமிழக அரசு அப்படி ஒரு தளர்வைக் கொடுக்கலாம். கருவி கட்டும்போது இன்றைக்கு ஒரு வால்வு, நாளைக்கு நாலு கேஸ்கெட், அடுத்த வாரம் சேம்பருக்குள் மின்கம்பி கொண்டுபோக ஒரு ஃபீட்த்ரூ என்று தேவை வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்பே பட்டியலிட்டு டெண்டர் விடச் சொன்னால் யாரும் எதையும் கட்ட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியை வாங்கத்தான் வேண்டும். மிகக் குளிரில் அளக்கும் ஸ்குவிட் காந்தமானியையும் வாங்கிப் பல கல்லூரிகள் பகிர்ந்துகொள்வதே சரி. எக்ஸ்-கதிர் வேலைக்கு இந்தூரின் இண்டஸ்-2 என்னும் சின்க்ரோட்ரான் கதிர் மூலம் இருக்கிறது, நியூட்ரான் பிரதிபலிப்புக்கு டிராம்பேயின் துருவா அணு உலை இருக்கிறது, விண்ணப்பித்துப் போய் அளந்து வரலாம். ஆனால் ஒரு எளிய ஸ்பட்டரிங் சேம்பர், ஒரு கெர் அமைப்பு, ஒரு வி.எஸ்.எம்., மின்தடை அளக்கும் நான்கு முனை அமைப்பு, இவற்றை எம்.எஸ்சி. இயற்பியல் நடத்தும் எந்தத் துறையும் கட்ட முடியும், கட்டத்தான் வேண்டும்.

ஆகவே தமிழக உயர்கல்வித் துறைக்கும் துணைவேந்தர்களுக்கும் தங்கள் நாளிதழ் மூலமாக என் கோரிக்கை இது. சோதித்து, வரைபடங்களோடு வெளியிடப்பட்டு, வேறொரு ஆய்வகம் அதைப் பார்த்துத் திரும்பச் செய்யக்கூடிய கருவியைப் பிஎச்.டி. ஆய்வேட்டின் முழுப் பொருளாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதைச் செய்யும் ஆசிரியருக்குப் பதவி உயர்வுப் படிவத்தில் இடம் கொடுங்கள். காலியாகக் கிடக்கும் பட்டறைப் பணியிடங்களை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்தவர்களைக் கொண்டு நிரப்புங்கள், ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் இன்னும் பலர் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு இவர்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். உறை போர்த்தி நிற்கும் எந்திரங்களைத் திறந்து பழுது பார்க்கத் துறைத்தலைவருக்கு எழுத்துபூர்வமாக அனுமதி கொடுங்கள். தங்கள் நிருபர்களும் அடுத்த முறை செமிகண்டக்டர் பற்றி எழுதும்போது பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பட்டறைக்குள் ஒருமுறை போய், லேத் ஓடுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருச்சி.